29 முறை எழுந்த மாடம்

தீயில் போனது, போரில் போனது, கவனிப்பாரின்றிச் சரிந்தும் போனது. சீனாவின் தெங்வாங் மாடம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. அதன் உச்சியில் உள்ள நாடக மேடைக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

டிக்கெட் வாங்காமல் உள்ளே போக ஒரு வழி இருக்கிறது. தென்கிழக்குச் சீனாவில், ஜியாங்ஷி மாகாணத்தின் தலைநகரான நான்சாங்கில், கான் ஆற்றின் கிழக்குக் கரையில் நிற்கிறது தெங்வாங் மாடம். அதைப் பார்க்க வருகிறவர்கள், 7ஆம் நூற்றாண்டில் வாங் போ என்ற இளங்கவிஞன் எழுதிய பாயிரம் ஒன்றைப் பிசகில்லாமல் ஒப்பித்தால் போதும். கட்டணம் கிடையாது. பாயிரம் என்றால் நாலு வரி அல்ல. 700க்கும் மேற்பட்ட எழுத்துகள். எதுகையும் இணையும் பின்னிய பழைய நடை, அடிக்கு அடி புராதனக் கதைகளின் குறிப்புகள். பள்ளிப் பாடத்தில் வருவதால் பிள்ளைகள் துணிந்து வருகிறார்கள். பாதி வழியில் தடுக்கி, தலையைச் சொறிந்துகொண்டு, பணம் கட்டி உள்ளே போகிற அப்பாக்களும் உண்டு.

வேறெந்தக் கட்டடத்துக்கும் இப்படி ஒரு நுழைவுச் சீட்டு பொருந்துமா என்பது சந்தேகம். ஏனென்றால் தெங்வாங் மாடத்தைத் தாங்கி நிற்பது தூண்கள் அல்ல, அந்தப் பாயிரம்தான். தூண்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன.

இப்போது நிற்கும் கட்டடத்தின் உயரம் 57.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று அடுக்கு. உள்ளே ஏறினால் ஏழு. நகரத்தின் பழைய மதிலை நினைவூட்டும் 12 மீட்டர் உயரப் பீடத்தில் இருக்கும் தளங்களையும் சேர்த்தால் ஒன்பது. பச்சை மெருகேற்றிய ஓடுகள், சிவப்புத் தூண்கள், இறக்கை விரித்தது போன்ற கூரை முனைகள், இரு பக்கமும் செயற்கைக் குளங்கள். தூரத்தில் நின்று பார்க்கும்போது ஆயிரம் வருடப் பழமை கண்ணை நிறைக்கிறது. கிட்டே போய்த் தூணைத் தட்டிப் பார்த்தால் கான்கிரீட். மேலே போக லிஃப்ட்டும் இருக்கிறது. திறப்பு விழா நடந்தது 1989ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி. கணக்குப்படி இது 29ஆவது மாடம்.

முதல் மாடம் எழுந்தது 653இல். சீன யாத்ரிகர் யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து சுமந்து சென்ற சுவடிகளை வைக்க அன்றைய தலைநகர் சாங்ஆனில் பெரிய காட்டு வாத்துக் கோபுரம் எழும்பத் தொடங்கியதற்கு அடுத்த வருடம். ஆனால் நான்சாங் மாடத்தைக் கட்டியவருக்குச் சுவடி, தவம் எதிலும் நாட்டமில்லை. லி யுவான்யிங், டாங் வம்சத்தை நிறுவிய பேரரசர் காவோசுவின் 22ஆவது மகன். பேரரசர் தாய்சோங்கின் தம்பி. 'தெங் இளவரசர்' என்பது பட்டம். சீன மொழியில் தெங்வாங். ஆட்டமும் பாட்டும் வேட்டையும்தான் அவருக்குப் பொழுது. பட்டாம்பூச்சி வரைவதில் கைதேர்ந்தவர் என்றும் பெயர் இருக்கிறது. நான்சாங்குக்கு ஆளுநராக அனுப்பப்பட்டவர், ஆற்றங்கரையில் விருந்துக்கும் இசைக்கும் என்று ஒரு மாடம் எழுப்பினார். பின்னர் சிச்சுவானுக்கு மாற்றப்பட்டபோது அங்கேயும் தன் பெயரில் இன்னொன்று கட்டிக்கொண்டார். நிர்வாகத்தில் அவர் எதையும் சாதித்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. ஆக, 1,300 ஆண்டுகளாக ஒரு நகரம் கட்டிக் காத்து வரும் பெயர், பொறுப்பில்லாத ஓர் உல்லாசப் பிரபுவின் பெயர்.

அந்தப் பெயரைக் காப்பாற்றியவன் வாங் போ. அவனும் ஒன்றும் சாது அல்ல. சிறு வயதிலேயே மேதை என்று பெயரெடுத்து அரண்மனைக்குள் நுழைந்தவன். இளவரசர்கள் சேவல் சண்டை நடத்தியபோது, எதிர்த்தரப்புச் சேவலுக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் ஒன்றை வேடிக்கையாக எழுதினான். பேரரசருக்கு அந்த வேடிக்கை ரசிக்கவில்லை. ராஜகுமாரர்களுக்கிடையே பகை மூட்டுகிறான் என்று விரட்டிவிட்டார். பிறகு கிடைத்த சிறு உத்தியோகத்தில், தப்பி வந்த அடிமை ஒருவனுக்கு அடைக்கலம் கொடுத்து, பயம் வந்ததும் அவனையே கொன்றுவிட்டான் என்று வழக்கு. மரண தண்டனை பொது மன்னிப்பில் நீங்கியது. ஆனால் மகன் செய்த குற்றத்துக்காகத் தகப்பன் தெற்குக் கோடியில், இன்றைய வியட்நாம் பகுதிக்குத் தூக்கியடிக்கப்பட்டார். அந்தத் தகப்பனைப் பார்க்கப் போகும் வழியில்தான், 675இல், வாங் போ நான்சாங்கில் இறங்கினான்.

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், உயரமான இடங்களில் ஏறிக் கொண்டாடும் பண்டிகை. ஆளுநர் யான் மாடத்தில் விருந்து வைத்திருந்தார். விருந்துக்கு ஒரு மறைமுக நோக்கமும் இருந்தது: தன் மருமகனைப் புலவனாக அரங்கேற்றுவது. அன்றைய விருந்தில் பாடப்படும் கவிதைகளுக்கு ஒரு பாயிரத்தை மருமகன் முன்னிரவிலேயே எழுதித் தயாராக வைத்திருக்கிறான். நாகரிகத்துக்காக, தாளும் தூரிகையும் விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் நீட்டப்படும். எல்லாரும் 'அடியேனுக்குத் தகுதியில்லை' என்று மறுக்க வேண்டும். கடைசியில் மருமகன் 'அப்போதே' எழுதுவது போல் எழுதிக் கைதட்டல் வாங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் ஒழுங்காக மறுத்தார்கள். இருபதுகளில் இருந்த வாங் போ தூரிகையை வாங்கிக்கொண்டான்.

ஆளுநர் கோபத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பையன் என்ன எழுதுகிறான் என்று வரிக்கு வரி வந்து சொல்ல ஆள் வைத்தார். முதல் வரிகளுக்கு உதட்டைப் பிதுக்கினார். அந்தி வானத்தின் செம்மேகத்தையும் தனித்துப் பறக்கும் ஒரு வாத்தையும் ஒரே அடியில் பறக்கவிட்ட இடம் வந்தபோது மௌனமானார். பிறகு, இவன் நிஜமான மேதை, இது அழியாது என்று ஒப்புக்கொண்டு விருந்துக்குத் திரும்பினார் என்கிறது பழைய குறிப்பு. மருமகனின் பாயிரத்தைப் பற்றிப் பிறகு பேச்சில்லை.

இந்தச் சம்பவத்தைச் சுற்றி மக்கள் கட்டிய கதைகள் இன்னும் சுவையானவை. படகில் வந்துகொண்டிருந்த வாங் போவுக்கு விருந்து நடப்பதே தெரியாது என்றும், ஒரு நீர்த்தெய்வம் காற்றை ஏவி 700 லீ தூரத்தை ஒரே இரவில் கடக்க வைத்தது என்றும் ஒரு கதை. 17ஆம் நூற்றாண்டில் ஃபெங் மெங்லொங் தன் சிறுகதைத் தொகுப்பில் அதைச் சேர்த்தார். இன்றைய மாடத்தின் வாசல் மண்டபத்தில், வெள்ளைச் சலவைக் கல்லில், காற்றில் சீறும் அந்தப் படகைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு கதையில், பாயிரத்தோடு எழுதிய கவிதையின் கடைசி அடியில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டுப் படகேறிவிட்டான் வாங் போ. கூடியிருந்த புலவர்கள் என்னென்னவோ சொல்லை நிரப்பிப் பார்க்கிறார்கள், எதுவும் பொருந்தவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது வந்த பதில்: எழுத்து ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. 'வெறுமை' என்பதுதான் அந்தச் சொல்.

தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கடலில் விழுந்து வாங் போ இறந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மாடம் விழுவதும் எழுவதுமாகவே இருந்தது. 820இல் ஒரு பழுதுபார்ப்பு முடிந்தபோது, சீன உரைநடையின் பிதாமகர்களில் ஒருவரான ஹான் யூவிடம் ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதித் தந்தார். அதில் அவர் வெளிப்படையாகச் சொல்லும் செய்தி: இந்த மாடத்தை நான் பார்த்ததில்லை. சிறு வயதிலிருந்து கேள்விப்பட்டது, வாங் போ எழுதியதைப் படித்தது, அவ்வளவுதான். அப்போதே அது நேரில் பார்க்கும் கட்டடம் என்பதைவிடப் படிக்கும் கட்டடமாகிவிட்டது. சோங் வம்சத்தில் புதிதாகக் கட்டினார்கள். மிங் காலத்தில் கட்டினார்கள். சிங் காலத்தில் மட்டும் பலமுறை கட்டினார்கள். மரக் கட்டடம், ஆற்றங்கரை, விளக்கும் அடுப்பும். எரியாமல் இருந்தால்தான் அதிசயம். மதிலுக்கு வெளியே, படகுத்துறைக்குப் பக்கத்தில் நின்றதால் ஒவ்வொரு படையெடுப்புக்கும் முதல் பலி அதுதான்.

கடைசி நெருப்பு 1926இல். வடக்கு நோக்கிப் படையெடுத்து வந்த தேசியப் படைகள் நான்சாங்கை நெருங்கியபோது, நகரத்தைப் பிடித்து வைத்திருந்த யுத்தப்பிரபு சுன் சுவான்ஃபாங்கின் ஆட்கள், எதிரிக்கு மறைவிடம் கிடைக்கக் கூடாது என்று மதிலுக்கு வெளியே இருந்த தெருக்களைக் கொளுத்தினார்கள். அவற்றோடு மாடமும் போனது. அடுத்த 63 ஆண்டுகள் நான்சாங்கில் தெங்வாங் மாடம் கிடையாது. பிள்ளைகள் பாயிரத்தை மட்டும் படித்தார்கள்.

இந்த இடைவெளியில் வருகிறார் லியாங் சிசெங். சீனாவின் பழைய கட்டடங்களை முறையாக அளந்து ஆவணப்படுத்திய முன்னோடி. மனைவி லின் ஹுய்யினுடன் மலையும் காடும் அலைந்து, 857இல் கட்டப்பட்ட ஃபோகுவாங் கோயில் மண்டபத்தை 1937இல் கண்டறிந்தவர். அதே வருடம் ஜப்பானியப் படையெடுப்பு. உள்நாட்டுக்குள் ஓடி, சிச்சுவானில் லிச்சுவாங் என்ற சிற்றூரில் ஒதுங்க வேண்டியதாயிற்று. மனைவிக்குக் காசநோய், கையில் பணம் இல்லை. அந்த நிலையில், 1942இல், மாணவர் மோ சோங்ஜியாங்குடன் சேர்ந்து தெங்வாங் மாடத்தை மறுபடி கட்டுவதற்கான எட்டு வரைபடங்களைப் போட்டார். நாடு பிழைக்குமா என்றே தெரியாதபோது, எரிந்துபோன விருந்து மாடத்துக்குத் திட்டம். எதை வைத்து வரைந்தார்? சோங் காலத்து ஓவியம் ஒன்று. ஆல்பம் ஒன்றில் தப்பிப் பிழைத்திருந்த அந்தப் படத்தில் மாடத்தின் உருவம் இருந்தது.

1985இல் வேலை ஆரம்பித்தபோது லியாங் உயிரோடு இல்லை; 1972இல் இறந்துவிட்டார். அவருடைய வரைபடங்களையும் அந்த ஓவியத்தையும் அடிப்படையாக வைத்துத்தான் கட்டினார்கள். டாங் காலத்து மாடம் நின்ற இடத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இடம் பார்த்தார்கள். வாங் போ எழுதிய அதே ஒன்பதாம் மாத ஒன்பதாம் நாள் பண்டிகையில் திறந்தார்கள். ஓவியத்தைப் பார்த்து உயிர் கொடுத்த கட்டடம் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சல்ல, நடந்தது அதுதான்.

இது பழமையா, போலியா? மேல்நாட்டுப் பயணிகள் தூணைத் தட்டிப் பார்த்து முகம் சுளிப்பது வழக்கம். இதைத் தெங்வாங் மாடத்தின் தனிக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. யாங்சியின் தென்பகுதியில் 'மூன்று பெரும் மாடங்கள்' என்று பாடப்பெற்றவற்றில், வூஹானின் மஞ்சள் நாரை மாடமும் 1985இல் எழுந்த கான்கிரீட்தான். 1884இல் எரிந்த அதன் பழைய இடத்தை யாங்சிப் பாலம் எடுத்துக்கொண்டதால், புதியதைச் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்கள். மூன்றாவதான யுவெயாங் மாடம் மட்டுமே மரத்தில் நிற்கிறது. அதன் இப்போதைய உருவமும் 1880இல் கிடைத்தது. கல்லில் கோயில் கட்டிப் பழகிய நமக்கு, கட்டடத்தின் வயது என்றால் கல்லின் வயது. மரத்தில் கட்டிப் பழகியவர்களுக்கு இடமும் பெயரும் எழுத்தும் தொடர்ந்தால் அது அதே கட்டடம். இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் லிஃப்ட்டைக் கொஞ்சம் மறைவாக வைத்திருக்கலாம்.

ஆறாம் தளம்தான் பார்வையாளர்கள் ஏறக்கூடிய உச்சம். அங்கே இருக்கிறது மேடை. பழைய பாணியில் செய்த சிறு மேடை, பழங்கால வெண்கல மணி வரிசைகளின் நகல்கள், சுவரில் டாங் காலத்து நடனக் காட்சிகள். சுற்றுலாப் பருவத்தில் பட்டாடை கட்டிய பெண்கள் இசையோடு ஆடிக் காட்டுகிறார்கள். ஆற்றைப் பார்த்த களைப்பில் வந்தவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

இந்தச் சிறு மேடையின் பின்னால் இருக்கும் மரபு பெரியது. சீனக் கிராமங்களில் நாடக மேடை கோயிலுக்கு எதிரே, தெய்வத்தைப் பார்த்தபடி இருக்கும். நாடகம் தெய்வத்துக்கு, மனிதர்கள் இடையில் நின்று பார்த்துக்கொள்ளலாம். தெய்வத்தின் இடத்தில் பேரரசர் வந்தபோது மேடை வளர்ந்தது. பெய்ஜிங் அரண்மனையில் 1776இல் முடிந்த சாங்யின் மாடமும், கோடைக்கால அரண்மனையில் பேரரசி சீஷிக்காகக் கட்டிய 21 மீட்டர் உயர மேடையும் மூன்று அடுக்கு கொண்டவை. தேவர்கள் மேலடுக்கிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள். பேய்கள் தரையின் பொறிக்கதவைத் திறந்துகொண்டு எழும்பும். சீஷியின் மேடைக்குக் கீழே கிணறே தோண்டியிருக்கிறார்கள்.

இத்தனை ஆடம்பரமும் விதிவிலக்கு. சீன நாடகத்துக்கு அடிப்படையில் வேண்டியது ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசையே மலை, மதில், படுக்கை. கையில் சாட்டை இருந்தால் குதிரை வந்துவிட்டது. துடுப்பு இருந்தால் ஆறு வந்துவிட்டது. நீண்ட வெண்ணிறக் கைச்சட்டை நுனிகள் அழும், நாணும், கோபிக்கும். மேடை எரிந்து போனாலும் நாடகம் எரியாது என்பதற்கு இதுவே காரணம். அது நடிகரின் உடம்பில் இருக்கிறது. ஆனால் உடம்பும் அழியக்கூடியதுதான்.

தெங்வாங் மாடத்தில் மேடை வைத்தது சுற்றுலாத் துறையின் கற்பனையல்ல. 1599இல் இதே மாடத்தின் அன்றைய அவதாரத்தில் ஒரு நாடகம் நடந்தது. அதைப் பார்த்து நாடகாசிரியரே இரண்டு கவிதை எழுதி, நடித்தவரின் பெயரையும் பதிவு செய்திருக்கிறார்: வாங் யூஷின். நாடகம் 'மூதான் திங்'. பியோனி மலர் மண்டபம் என்று பொருள். ஆசிரியர் தாங் ஷியான்சு.

ஜியாங்ஷிக்காரர். நான்சாங்கின் தென்கிழக்கே உள்ள லின்சுவானில், இன்றைய ஃபூஜோவில், 1550இல் பிறந்தார். தேர்வுகளில் தேறி அதிகாரியானார். மேலிடத்தின் ஊழலைக் கண்டித்து மனு எழுதியதற்குப் பரிசாகத் தெற்குக் கோடிக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஒரு மலை வட்டத்தில் ஐந்து ஆண்டு நீதிபதி. 1598இல் வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பி, அதே வருடம் இந்த நாடகத்தை முடித்தார். மொத்தம் 55 காட்சிகள்.

கதை எளிது. ஆளுநர் மகள் தூ லினியாங், பதினாறு வயது, வீட்டுப் படி தாண்டாதவள். ஒரு வசந்த நாளில் பின்பக்கத் தோட்டத்துக்குள் போகிறாள். அங்கே கண்ணயர்ந்தவளின் கனவில் வில்லோக் கிளை ஏந்திய இளைஞன் வருகிறான். விழித்தால் அவன் இல்லை. ஏங்கி மெலிந்து, சாவதற்கு முன் தன் உருவத்தைத் தானே ஓவியமாக வரைந்து வைத்துவிட்டு இறந்துபோகிறாள். மூன்று ஆண்டு கழித்து லியூ மெங்மெய் என்ற மாணவன் அந்தப் பக்கம் வந்து ஓவியத்தைக் கண்டெடுக்கிறான்; அதையே அழைத்துக்கொண்டிருக்கிறான். அவள் ஆவியாக வருகிறாள், கல்லறையைத் திறக்கச் சொல்கிறாள், உயிரோடு எழுகிறாள். மகள் பிழைத்ததை நம்ப மறுத்து மருமகனைக் கட்டி வைத்து அடிக்கும் தகப்பனிடம் பாக்கிக் காட்சிகள் நகர்கின்றன.

எரிந்த மாடத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததும் ஓர் ஓவியம். செத்த பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்ததும் ஓர் ஓவியம். 1980களின் பொறியாளர்களுக்கு இந்த ஒற்றுமை மனதில் இருந்ததோ இல்லையோ, மூன்றாம் தளத்துச் சுவரில் தாங் ஷியான்சுவின் கனவு நாடகத்தைப் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள்.

நாடகம் வெளியானதும் பெண்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். லோஜியாங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இதைப் படித்து உருகி, குறிப்புகள் எழுதி, 17 வயதில் இறந்தாள் என்று கேட்டு ஆசிரியரே இரங்கற்பா எழுதினார். 1694இல் அச்சான ஒரு பதிப்புக்கு உரை எழுதியவர்கள் மூன்று பெண்கள்: வூ என்ற ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டுத் திருமணத்துக்கு முன்பே இறந்தவள், பிறகு அவர் மணந்து இறந்தவள், அதற்குப் பிறகு மணந்தவள். முன்னவள் ஓரத்தில் எழுதி வைத்துப்போனதைப் பின்னவள் தொடர்ந்தாள். மூன்றாமவள் நகையை விற்று அச்சேற்றினாள். தூ லினியாங்கின் கதையைவிட இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

மேடையில் நிலைமை வேறு. தாங் ஷியான்சு தன் ஊர்ப்பக்கத்து நடிகர்களை மனதில் வைத்து எழுதினார். தாளம் தட்டிச் சிறுவர்களுக்குத் தானே கற்றும் கொடுத்தார். வடகிழக்கே சூஜோ பகுதியில் ஓங்கி வந்த குன்ச்சூ இசைமுறையோ இலக்கணம் மிகுந்தது. மூங்கில் குழலோடு இழைந்து, ஒரு சொல்லை நீர்விட்டு அரைப்பது போல் அரைத்துப் பாடுவது. அதற்கு இவருடைய வரிகள் அடங்கவில்லை. பண்டிதர்கள் திருத்தி எழுதினார்கள். கொதித்துப்போன ஆசிரியர் தன் நடிகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்: என் மூலத்தையே பாடு, திருத்தியதைத் தொடாதே, பாட வசதிக்காக ஓரிரு சொல் கூட்டிக் குறைத்தாலும் நான் நினைத்தது மாறிவிடும். கடைசியில் இந்தச் சண்டையைத் தீர்த்தவர் ஓர் இசைக்காரர். யெ தாங் என்பவர் 1792இல் வெளியிட்ட இசைப்பதிப்பில், சொல்லைத் தொடாமல் சொல்லுக்கேற்ப மெட்டை வளைத்தார். மேடையில் இன்று கேட்கும் தூ லினியாங்கின் குரலுக்குப் பின்னால் அவருடைய காது இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பீக்கிங் ஆபராவின் தாளவாத்தியச் சத்தத்தில் குன்ச்சூ அமுங்கிப்போனது. 1921இல் சூஜோவில் குன்ச்சூவுக்கு என்று ஒரு பள்ளி தொடங்கியது. பஞ்சாலை அதிபர் மூ ஓச்சூ பணம் கொடுத்தார். அங்கே பயின்ற பையன்களின் பெயரில் எல்லாம் 'சுவான்' என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. 'அடுத்தவருக்கு ஒப்படைப்பது' என்று பொருள். கலைக்கு ஆயுள் காப்பீடு எடுத்ததற்குச் சமம். போரிலும் வறுமையிலும் சிதறிய அந்தப் பையன்களில் சிலர்தான், 1956இல் 'பதினைந்து சரக் காசு' என்ற நாடகத்தைப் பெய்ஜிங்கில் நடத்தி, பிரதமர் சூ என்லாயை அசத்தினார்கள். ஒரு நாடகம் ஒரு கலையையே காப்பாற்றியது என்று கட்சி நாளேடு எழுதியது. குழுக்கள் மறுபடி பிறந்தன. அதே ஆண்டுகளில் ஜியாங்ஷியின் சொந்த நாடக வடிவமான கான் ஆபராவும் தூ லினியாங்கை எடுத்துக்கொண்டது. ஷி லிங்ஹெ தழுவி எழுத, பான் ஃபெங்ஷியா நடித்தார்.

பத்தே வருடம். 1966இல் கலாசாரப் புரட்சி. அரசர்களும் அழகிகளும் ஆவிகளும் மேடையிலிருந்து துரத்தப்பட்டார்கள். புரட்சி 'மாதிரி நாடகங்கள்' மட்டுமே அனுமதி. நடிகர்கள் வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பப்பட்டார்கள். லின்சுவானில் தாங் ஷியான்சுவின் கல்லறையும் தப்பவில்லை. நினைக்க வேண்டிய விஷயம்: நான்சாங்கில் 29ஆவது மாடத்தின் ஆறாம் தளத்தில் மேடை போட்டபோது, அந்தக் கலைக்குத் தடை நீங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களே ஆகியிருந்தன.

தடைகள் அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1998இல் 55 காட்சிகளையும் சேர்த்து, சுமார் 20 மணி நேர நாடகமாக, ஷாங்காய்க் குழு நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் நடத்த ஏற்பாடு. இயக்கம் சென் ஷிசெங். கப்பலேற வேண்டிய நேரத்தில் ஷாங்காய்க் கலாசார அதிகாரிகள் மறித்தார்கள்: இது மூடநம்பிக்கை, நிலப்பிரபுத்துவம், ஆபாசம். நானூறு வருடத்துக்கு முன் மிங் காலத்து ஆசாரவாதிகள் சொன்ன அதே ஆட்சேபம், புதிய சொற்களில். அடுத்த வருடம் வேறு நடிகர்களைத் திரட்டி அங்கே நடத்தியே விட்டார்கள்.

2001 மே மாதம் யுனெஸ்கோ, மனித குலத்தின் வாய்மொழி மற்றும் அருவ மரபுச் செல்வங்கள் என்று முதன்முறையாக 19ஐ அறிவித்தது. அந்த முதல் பட்டியலில் குன்ச்சூ இருந்தது. அதே பட்டியலில் கேரளத்தின் கூடியாட்டமும் இருந்தது. கோயில் கூத்தம்பலத்தில் ஒரே சுலோகத்தைக் கண்ணாலும் விரலாலும் மணிக்கணக்கில் விரிப்பவர்களும், ஒரே சொல்லைக் குழலோடு அரைத்துப் பாடுபவர்களும் ஒரே நாளில் அங்கீகாரம் பெற்றார்கள். இரண்டுக்கும் ஒரே நோய், பொறுமையுள்ள ரசிகர் இல்லாமை.

அந்த நோய்க்கு மருந்து தேடியவர் எழுத்தாளர் பாய் ஷியான்யுங். சீனாவில் பிறந்து, தைவானில் வளர்ந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். அவர் 2004இல் தைப்பேயில் அரங்கேற்றிய 'இளைஞர் பதிப்பு' மூன்று நாள், ஒன்பது மணி நேரம் ஓடுகிறது. தூ லினியாங்காக நடித்தவர் உண்மையிலேயே இளம்பெண். மூத்த நடிகர்களிடம் மண்டியிட்டு சீடர்களாகச் சேர்ந்து, கடும் பயிற்சி பெற்ற பிறகே மேடையேறினார்கள். குழுவைப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக அழைத்துப் போனார். மாணவர்கள் வரமாட்டார்கள் என்று கணித்தவர்கள் தோற்றார்கள். நூற்றுக்கணக்கான முறை அந்த நாடகம் நடந்திருக்கிறது.

ஆசிரியருக்கும் மறுபிறவி வாய்த்தது. ஷேக்ஸ்பியர் இறந்த அதே 1616இல் இறந்தவர் என்பதால் 2016இல் இருவருக்கும் சேர்த்து 400ஆவது ஆண்டு கொண்டாடினார்கள். ஃபூஜோ நகரம் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒரு பியோனி மண்டபத்தையே பரிசாக அனுப்பியது. 2017 ஆகஸ்டில், ஃபூஜோவில் தோண்டிய இடத்தில் தாங் ஷியான்சு குடும்பத்தாரின் 42 கல்லறைகள் வெளிப்பட்டன. அவருடையதும் அவற்றில் இருந்தது. கல்லில் பொறித்த குடும்ப வரலாறுகள் கிடைத்தன. கல்லறையிலிருந்து எழுந்து வந்த பெண்ணின் கதையை எழுதியவருக்குப் பொருத்தமான செய்தி என்று சீனப் பத்திரிகைகள் விடுவார்களா?

இவ்வளவுக்கும் பிறகு நான்சாங் மாடத்தின் ஆறாம் தளத்துக்கு வந்தால், கொஞ்சம் ஏமாற்றம்தான். 1599இல் ஆசிரியரே உட்கார்ந்து பார்த்த இடத்தில், 55 காட்சி நாடகத்துக்கு ஈடாகக் கிடைப்பது சுற்றுலாப் பயணியின் பொறுமைக்கு அளந்து வெட்டிய ஆட்டம். பட்டாடையும் வெண்கல மணியும் டாங் காலத்தை நினைவூட்டுவதற்காக. தாங் ஷியான்சுவோ அதற்கு எழுநூறு ஆண்டு பிந்தியவர். மேடை இருந்தால் நாடகம் தானே வரும் என்று கட்டியவர்கள் நம்பியிருக்கலாம். ஆனால் மாடத்தைப் போல மேடைக்கலையைக் கான்கிரீட்டில் வார்க்க முடிவதில்லை. சூஜோவில் அதற்கு எண்பது வருடமும், 'சுவான்' எழுத்தைச் சுமந்த ஒரு தலைமுறையும் தேவைப்பட்டது.

அண்மை ஆண்டுகளில் நான்சாங் வேறு வழியில் முயல்கிறது. இரவில் மாடமே மேடையாகிறது. விளக்கு வெளிச்சத்தில் தளம் தளமாகப் பார்வையாளர்கள் நடக்க, நடிகர்கள் எதிர்ப்படுகிறார்கள். பாயிரம் எழுதிய வாங் போவைக் கண்முன் கொண்டுவருகிறார்கள். வாயிலில் ஒப்பித்தவர்களுக்கு வசனம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கூட்டமும் சேர்ந்து சொல்ல முடிகிறது.

அந்த இரவுக் காட்சிக்கு வைத்த பெயர் 'ஷுன்மெங் தெங்வாங் மாடம்'. ஷுன்மெங் என்றால் கனவைத் தேடுதல். தாங் ஷியான்சுவின் நாடகத்தில் பன்னிரண்டாம் காட்சிக்கும் அதுதான் பெயர். கனவு கண்ட மறுநாள் தூ லினியாங் யாருக்கும் தெரியாமல் மறுபடி தோட்டத்துக்குள் நுழைகிறாள். பாறை இருக்கிறது, வேலி இருக்கிறது, வில்லோ மரம் இருக்கிறது. அவன் மட்டும் இல்லை. காய்த்து நிற்கும் ஒரு பிளம் மரத்தின் கீழே சாய்ந்து, செத்தால் தன்னை இங்கேயே புதைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். மேடையில் அந்தக் காட்சிக்குத் தோட்டமும் கிடையாது, மரமும் கிடையாது. பெரும்பகுதியும் ஒற்றை நடிகை. அவளுடைய விசிறி, பக்கத்தில் குழல்.